பொங்கலை அண்டைக்கே பொங்குறதோ, சனிக்கிழமைக்குத் தள்ளுறதோ? வெளிநாட்டில இருக்கிற வன்னி ஆக்கள் சொல்லுங்கோ

முள்ளியவளைமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த இடம் முள்ளியவளை, இப்ப நோர்வே, ஒஸ்லோவுக்கு வந்து 11 வருசம். மனுசனும் வன்னிதான். ரெண்டு பிள்ளையள், மூத்தவளுக்கு 9, சின்னவனுக்கு 6. கேக்க வந்தது என்னெண்டா பொங்கல், வருசப்பிறப்பு, தீபாவளி எல்லாம் நீங்கள் அந்தந்த நாளிலயே செய்யிறியளோ, இல்லாட்டி சனி ஞாயிறுக்கு மாத்துறியளோ?

நாங்கள் இவ்வளவு காலமும் சனிக்கிழமைதான். கிழமை நாளில ரெண்டு பேருக்கும் வேலை, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், தை மாசத்தில இஞ்ச சூரியன் வரவே காலமை 9 மணியாகும், அந்த நேரம் நான் வேலையில நிப்பன். சனிக்கிழமை ஹோல் எடுத்துப் பொங்கல் விழா வைப்பினம், மகள் டான்ஸ் ஆடுவாள், சாப்பாடு பெட்டியில தருவினம், வாங்கிக்கொண்டு வந்திடுவம். போன வருசம் வரேக்க கார்ல வைச்சு மகள் கேக்கிறாள், அம்மா பொங்கல் எண்டா அந்த ஹோல்ல நடக்கிறதுதானே எண்டு. நான் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்ல எண்டும் சொல்லேல்ல. அண்டையில இருந்து எனக்கு மனசு சரியில்ல.

எங்கட வீட்டில பொங்கலுக்கு முதல் நாளே அப்பா முத்தத்தைச் செருக்கி விடுவார், அம்மா சாணி போட்டு மெழுகுவா, விடியப்புறம் 4 மணிக்கு எழுப்பிக் கிணத்தடியில கொண்டுபோய் வாளியால வாக்கேக்க பல்லுக் கிடுகிடுக்கும். அப்பம்மா உலக்கையை நிலத்தில வைச்சு அதின்ர கரையால அரிசிமாவைத் தூவி நேர்கோடு போடுவா, உலக்கையைத் தூக்கினா கோடு நூல் பிடிச்ச மாதிரிக் கிடக்கும். அந்த உலக்கையின்ர மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறதுதான் என்ர வேலை. என்ர பிள்ளையளுக்கு அப்பிடி ஒரு வேலையும் இல்ல, வெளிக்கிடுத்திக் கூட்டிக்கொண்டு போறதோட சரி.

இந்த முறை வீட்டில பொங்குவம் எண்டு நினைச்சா அடுப்பு வேற பிரச்சினை. எங்களிட்ட இருக்கிறது இன்டக்சன், அம்மா தந்துவிட்ட பித்தளைப் பானையை வைச்சா அது சூடே ஏறாது. அனுபவம் உள்ளாக்கள் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:

தங்கச்சி, நானும் நோர்வேதான், 88ல வந்தனான். முதல் 6 வருசம் வடக்கில பின்மார்க்கில மீன் பக்டரி வேலை, அப்ப எங்கட பெடியள் கனபேர் அந்தப் பக்கம் மீன் வேலைக்கு வந்தவை. அங்க நவம்பர் கடைசியில போற சூரியன் சனவரி 20 மட்டிலதான் திரும்பி எட்டிப்பாக்கும், அப்ப தைப்பொங்கலண்டு சூரியனே இல்ல. முதல் வருசம் நாங்கள் 4 பெடியள் ஒரு குவாட்டர்ஸில இருந்தனாங்கள், பொங்குவம் எண்டு அரிசி பருப்பு எல்லாம் சேத்து வைச்சிட்டம், பானையை எந்தப் பக்கம் பாத்து வைக்கிறது? ஒருத்தன் கிழக்கு எண்டுறான், கிழக்கில கும்மிருட்டு. அங்க வேலை செய்த ஒரு கிழவனிட்ட இந்த ஊருக்குச் சூரியன் முதல்ல எந்தப் பக்கத்தால வரும் எண்டு கேட்டம். மனுசன் எங்களை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். மத்தியானம் 12 மணிபோல அந்தப் பக்கம் அடிவானம் கொஞ்சம் சிவக்கும், அதோட சரி. நாங்களும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குள்ள ஓடி வந்து தெற்கைப் பாத்துப் பொங்கினம். பால் பொங்கி வழிஞ்சது, அந்தச் சிவப்பைப் பாத்துக் கும்பிட்டம், ஒருத்தன் அழுதிட்டான். 9 மணிக்குச் சூரியன் வாற ஊரில இருந்துகொண்டு நேரம் இல்ல எண்டு சொல்லாதேங்கோ, குறையா நினைக்கவேண்டாம், உரிமையோடதான் சொல்லுறன்.

லீவு விசயம் கனபேருக்குத் தெரியாது. நோர்வே திருச்சபையில இல்லாத ஆக்கள் தங்கட சமய நாளுகளுக்கு வருசத்தில 2 நாள் லீவு எடுக்கச் சட்டத்திலயே உரிமை இருக்கு. 14 நாளுக்கு முதல் வேலையிடத்துக்கு அறிவிக்கவேணும், அந்த மணித்தியாலத்தைப் பிறகு செய்துதரச் சொல்லி அவை கேக்கலாம், அவ்வளவுதான். பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடத்தில முன்கூட்டியே எழுதிக் குடுத்து எடுக்கலாம். நான் வருசா வருசம் ஒண்டு பொங்கலுக்கு, மற்றது செத்துப்போன அப்பாவுக்கு விரதம் பிடிக்கிற ஆடி அமாவாசைக்கு எண்டு எடுக்கிறனான். அந்த விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய்கூட இப்ப தமிழ்க்கடையில வருது, முந்தி அதுக்கு எங்க போறது.

லண்டன்_நெடுங்கேணி:

அடுப்புக்கு நான் சொல்லுறன். பித்தளை, அலுமினியம், மண்பானை ஒண்டும் இன்டக்சனில வேலை செய்யாது தங்கச்சி, அடிப்பக்கத்தில காந்தம் ஒட்டவேணும். பிரிஜ்ஜில ஒட்டுற காந்தம் ஒண்டை எடுத்துக்கொண்டு போய்க் கடையிலயே அடியில வைச்சுப் பாத்து வாங்குங்கோ, எவர்சில்வரில சிலது ஒட்டும் சிலது ஒட்டாது. நான் வாய் ஒடுங்கின எவர்சில்வர்ப் பானை ஒண்டு இதுக்கெண்டே வைச்சிருக்கிறன், வாய் அகண்ட சட்டியில வைச்சா பால் பொங்கி எழும்பாம அப்பிடியே கொதிச்சுக்கொண்டு நிக்கும், பாத்துக்கொண்டு நிக்கிற பிள்ளையளுக்குச் சப்பெண்டு போயிடும். கழுத்தில மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கட்டிவிட்டா அதுவும் பொங்கல் பானைதான். பித்தளைப் பானையிலதான் பொங்கவேணும் எண்டா சின்னக் காஸ் அடுப்பு வாங்கி வெளியில வையுங்கோ. வீட்டுக்குள்ளயோ கண்ணாடி அடைச்ச பல்கனியிலயோ வைக்கவே வேண்டாம், அதில இருந்து வாற கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல, ஆளைக் கொண்டுபோயிடும். பிளாட் எண்டா பல்கனியில நெருப்பு மூட்ட விடுவினமோ எண்டு முதல்ல கேளுங்கோ.

ஆனா அண்ணை சொன்னதில ஒண்டை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். நான் கெயார் ஹோமில நைட் வேலை, இஞ்ச அப்பிடிச் சட்டமும் இல்ல, கேட்டாத் தந்தாத்தான் உண்டு. காலமை 8 மணிக்கு வேலை முடிஞ்சு பஸ்ஸில நித்திரை தூங்கிக்கொண்டு வாற ஆளிட்ட அண்டைக்கே பொங்கு எண்டு சொல்லேலாது. நான் அண்டைக்கு வந்து குளிச்சு சாமிக்கு விளக்குக் கொளுத்தி ஒரு பிடி பால்சோறு வைச்சுப் படைப்பன், பொங்கல் சனிக்கிழமை. அதைக் குறையெண்டு நான் நினைக்கிறேல்ல.

புதுக்குடியிருப்பு_ஸ்காபுறோ:

கனடாவில பாருங்கோ, சனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு 2016ல பாராளுமன்றத்திலயே தீர்மானம் எடுத்தவை, அதால பள்ளிக்கூடத்தில பொங்கல் எண்டா ரீச்சருக்கே விளங்கும், அது பெரிய உதவி. வருசப்பிறப்புத்தான் இஞ்ச கரைச்சல். ஊரில 14ம் திகதி விடியப்புறம் 2 மணிக்கு வருசம் பிறக்குது எண்டா எங்களுக்கு அது 13ம் திகதி பின்னேரம் 4.30, அப்ப தலைக்கு மருத்துநீர் வைச்சு முழுகிறது 13ம் திகதியிலயே வந்திடும், அம்மாவுக்கு இது விளங்கவே 3 வருசம் எடுத்தது.

நான் சொல்ல வந்தது வேற. முள்ளியவளை எண்டு எழுதியிருக்கிறியள், வைகாசியில ஒரு திங்கக்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில நடக்கிற பொங்கலைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே தங்கச்சி? எங்கட வீட்டில பெரிய நாள் அதுதான். அம்மா எங்களோட இருக்கிறா, அந்தப் பொங்கலுக்கு முதல் நடக்கிற பாக்குத்தெண்டல் சடங்கு முடிஞ்ச நாள் தொட்டு வீட்டில மச்சம் காய்ச்ச விடமாட்டா. அந்தத் திங்கக்கிழமை வேலையால வந்து வெள்ளைப் பொங்கல்தான், வேற ஒண்டும் இல்ல. போன முறை என்ர பெடியன், 12 வயசு, தண்ணியில எப்பிடி விளக்கெரியும் எண்டு அம்மாவோட தர்க்கம். அம்மா சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்துக் குடத்தைத் தோளில வைச்சுக் காட்டா விநாயகர் கோயிலுக்கு நடந்து வாறதில இருந்து, அந்த உப்புத்தண்ணியை விட்டு ஒரு கிழமை விளக்கெரியிறது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்குப் பொங்கி மற்ற நாள் வற்றாப்பளைக்குக் கொண்டுபோறது, நந்திக்கடல் காத்து, சனம், பாற்செம்பு, காவடி எண்டு எல்லாத்தையும் ரெண்டு மணித்தியாலம் சொன்னா. பெடியன் போனைக் கீழ வைச்சிட்டுக் கேட்டான். கடைசியில அவன் கேட்டது நீங்கள் எண்ணெய் விடேல்ல எண்டு கண்ணால பாத்தனீங்களோ எண்டு. அம்மா சொன்னா, நான் 7 வயசில அப்புவின்ர தோளில இருந்து பாத்தனான் எண்டு.

அதே வைகாசியிலதான் முள்ளிவாய்க்கால் நினைவு நாள், மே 18ம் வருது. அண்டைக்கு நாங்கள் அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறம். அண்ணாவின்ர படத்துக்கு முன்னால ஒரு கோப்பை வைப்பம். பிள்ளையளுக்கு அதையும் ஒளிக்கிறேல்ல.

பரந்தன்அம்மா:

நான் வெளிநாட்டில இல்ல, இஞ்ச ஊரில இருக்கிறன், எழுதலாமோ தெரியேல்ல, மருமகள்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினவ. எனக்கு மூண்டு பிள்ளையள், ஒராள் சுவிஸ், ஒராள் பிரான்ஸ், கடைசி கனடா. இஞ்ச நானும் இவரும்தான். பொங்கலுக்கு ரெண்டு சுண்டு அரிசி போட்டுப் பொங்கின வீட்டில இப்ப ஒரு சிறங்கை. பொங்கி முடிய அயலுக்குக் குடுத்திட்டு மிச்சத்தை இவர் பின்னேரமும் சாப்பிடுவார்.

முந்தி மூண்டு பேரும் படம் அனுப்புவினம். சனிக்கிழமை அனுப்புவினம், ஞாயிறு அனுப்புவினம், ஒராள் அடுத்த கிழமையும் அனுப்புவார். வடிவாத்தான் இருக்கும், பட்டுச்சீலை எல்லாம் கட்டி. நான் பாத்திட்டு நல்லது எண்டு போடுவன். ஆனா பிள்ளை, அது முடிஞ்ச பொங்கல்தானே. ரெண்டு வருசத்துக்கு முதல் சுவிஸில இருக்கிற மகன் பொங்கலண்டே லீவு போட்டிட்டுப் பானையை அடுப்பில வைக்கிறதுக்கு முதல் போனை எடுத்தான். அவையளுக்குக் காலமை 8 மணி தாண்டித்தான் விடியும், அவன் எடுக்கேக்க அங்க 9 மணி, எங்களுக்கு அப்ப பகல் ஒண்டரை இருக்கும், நாங்கள் சாப்பிட்டு விறாந்தையில இருந்தனாங்கள். பேத்திக்கு 5 வயசு, அவள் போனுக்குள்ள முகத்தை ஒட்டிக்கொண்டு, அப்பம்மா பால் வருது இப்ப அரிசி போடவோ எண்டு கேக்கிறாள். பொறு குஞ்சு, வழியட்டும் எண்டன். வழிஞ்ச உடன ரெண்டு கையாலயும் அள்ளி மூண்டு தரம் பானையைச் சுத்திப் போடு எண்டு சொல்ல, அவள் அரைவாசியை அடுப்பில கொட்டிப்போட்டாள். இவர் காது கேக்காத மனுசன், எந்தப் பக்கம் வழிஞ்சது எந்தப் பக்கம் வழிஞ்சது எண்டு சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு எங்கட வீட்டில பொங்கலண்டு சத்தம் கேட்டது அண்டைக்குத்தான்.

நீங்கள் 9 மணிக்கு எண்டு எழுதியிருக்கிறியள், அது எங்களுக்கும் அதே ஒண்டரைதான். உங்கட அம்மாவும் அப்ப சும்மாதான் இருப்பா. பொங்கீட்டு எடுக்காம, பானை வைக்கேக்க எடுங்கோ.

இன்னொண்டு, இஞ்ச மாரி மழைக்கு விதைக்கிற காலபோக நெல்லு பொங்கலுக்கு முதல் எல்லா வயலிலயும் வெட்டு முடியிறேல்ல, மழை பிந்தினா இன்னும் பிந்தும், அதால புது அரிசி தைப்பூசத்துக்குப் புதிர், அதுதான் முதல் கதிர், எடுக்கேக்கதான் வரும். நாங்கள் ஆரும் போற ஆக்களிட்ட எங்கட வயல் பச்சையரிசி ஒரு கிலோ மட்டில பிள்ளையளுக்குக் குடுத்து விடுவம். அவையள் வைச்சிருந்து அடுத்த பொங்கலுக்குக் கடை அரிசியோட ஒரு பிடி கலந்து போடுவினம். உங்கட வீட்டிலயும் கேட்டுப் பாருங்கோ.

முள்ளியவளைமகள்:

எல்லாருக்கும் நன்றி. பரந்தன் அம்மா எழுதினதை மனுசனுக்கு வாசிச்சுக் காட்டத் தொடங்கி முழுக்க வாசிக்கேலாமப் போச்சு, போனை அவரிட்டயே குடுத்திட்டன்.

வேலையிடத்தில நேற்றே எழுதிக் குடுத்திட்டன், அண்ணை சொன்ன சட்டத்தைச் சொன்ன உடன மனேஜர் தேடிப் பாத்திட்டு ஓம் எண்டிட்டா. பள்ளிக்கூடத்துக்கும் எழுதியாச்சு. எங்கட பல்கனி தென்கிழக்குப் பாத்தது, தை மாசத்தில இஞ்ச சூரியன் அந்தப் பக்கத்தாலதான் எழும்புது, கண்ணாடியும் அடைக்கேல்ல, நெருப்புக்கு விடுவினமோ எண்டு பிளாட்டுக்காரரிட்டக் கேட்டிருக்கிறன், விடாட்டி எவர்சில்வர்தான். லண்டன் அக்கா, காந்தத்தைக் கொண்டு மகளும் நானும் வீட்டில இருக்கிற எல்லாப் பானையையும் பாத்தம், ஒண்டுதான் ஒட்டினது, அதுவும் வாய் அகண்டது.

அம்மாவிட்டச் சொன்னன், ஒண்டரைக்கு எடுப்பம் எண்டு. அதுக்கு அவ சொன்னா, அப்ப நாங்களும் அண்டைக்கு மத்தியானம் சாப்பிடாமப் பாத்துக்கொண்டிருக்கிறம், நீ பொங்கிப் படைச்ச பிறகு சாப்பிடுவம் எண்டு. நான் வேண்டாம் எண்டு எவ்வளவு சொல்லியும் கேக்கேல்ல.

உலக்கைக்கு என்ன செய்யிறது எண்டுதான் இப்ப யோசினை, மகள் தும்புத்தடியின்ர தடியைக் கழட்டிக் கொண்டுவந்து இது காணுமோ எண்டு நிக்கிறாள். கழுவிப்போட்டுப் பாவிக்கலாம்தானே? ஒஸ்லோவில மஞ்சள் இலை ஆரும் எங்கயும் கண்டா எழுதிவிடுங்கோ.