"எக்ஸைட்டட்" ஸ்பானிஷில் என்ன: இலுசியோனாதாவா, எமோசியோனாதாவா?

வசனத்துண்டு:
அமெரிக்கக் குடும்பத் தொடர் ஒன்றுக்கு ஸ்பானிஷ் சப்டைட்டில் போடுகிறேன். மறுநாள் பள்ளிச் சுற்றுலா. பதினான்கு வயதுப் பெண் பெட்டியை மூடிவிட்டு அம்மாவிடம் "ஐ'ம் ஸோ எக்ஸைட்டட்!" என்கிறாள். நான் "எஸ்தோய் முய் இலுசியோனாதா" என்று போட்டேன். சரிபார்ப்பவர் இலுசியோனாதாவை அடித்து "எமோசியோனாதா" ஆக்கிவிட்டார். காரணம் எழுதவில்லை. உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?

இலக்கணப்புலி:
இரண்டும் எதற்கு? "எக்ஸிதாதா" இருக்கிறதே. ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் ஒரே லத்தீன் வேர். இயற்பியலில் கிளர்நிலை எலக்ட்ரானை ஸ்பானிஷில் எக்ஸிதாதோ என்றுதான் எழுதுகிறார்கள்.

மெக்சிகோ மருமகள்:
ஐயோ சார், எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளைப் பற்றிச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் காமக் கிளர்ச்சிதான். சின்னப் பெண் அம்மாவிடம் பேசும் காட்சி அது. எம்பாரஸ்ட் என்பதை "எம்பாரசாதா" ஆக்கிக் கர்ப்பிணியாக்கிய பழைய ஜோக்கை யாரும் ஆரம்பிப்பதற்கு முன்னால் மேலே போகலாம். என் ஓட்டு சரிபார்ப்பவருக்கு.

மத்ரித்தில் ஒருவன்:
என் ஓட்டு வசனத்துண்டுக்கு. எமோசியோனாதா என்றால் இங்கே தொண்டை அடைத்து, கண் கலங்கி நிற்பவர்தான் நினைவுக்கு வருவார். விருது வாங்கிவிட்டு மேடையில் பேச முடியாமல் தவிப்பவருக்கு அது பொருந்தும். பெட்டி கட்டிவிட்டுக் குதிக்கிற பெண்ணுக்கு எப்படி? ஸ்பெயினில் ஜனவரி 5 இரவு, மூன்று ராஜாக்கள் பரிசு கொண்டுவருவார்கள் என்று குழந்தைகள் செருப்பை வெளியே வைத்துவிட்டுத் தூங்காமல் புரளுவார்கள். அந்த உணர்வுக்குப் பெயர்தான் "இலுசியோன்". இந்தக் காட்சிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

மெக்சிகோ மருமகள்:
அந்தச் சட்டை ஸ்பெயின் அளவு. தாய்மொழியாக ஸ்பானிஷ் பேசுபவர்களில் ஸ்பெயின்காரர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மெக்சிகோவில் "மே இலுசியோனோ" என்று ஒரு பெண் சொன்னால், அவன் ஆசை காட்டி ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். "நோ தே ஆகாஸ் இலுசியோனெஸ்" என்றால் வீணாக ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லை எதற்கு அந்தப் பெண் வாயில் போடவேண்டும்? இங்கே பிறந்தநாளுக்கு முந்தைய நாள் பிள்ளைகள் எமோசியோனாதோ, எமோசியோனாதா என்று சாதாரணமாகச் சொல்வார்கள். யாரும் கண் கலங்குவதில்லை.

மத்ரித்தில் ஒருவன்:
லத்தீன் அமெரிக்கா முழுக்க அப்படி இல்லை. 2022 கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினா ரசிகர்கள் ஓயாமல் பாடிய பாட்டில் "நோஸ் வோல்விமோஸ் ஆ இலுசியோனார்" என்றுதானே வருகிறது? ஏமாந்துபோனவர்களின் பாட்டா அது?

மெக்சிகோ மருமகள்:
ஆமாம், அதுவேதான்! "வோல்விமோஸ்" என்றால் மறுபடியும். 2014 இறுதிப் போட்டியில் ஜெர்மனியிடம் தோற்றார்கள். 2015, 2016 இரண்டு வருடமும் கோபா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் பெனால்டியில் தோற்றார்கள். அவ்வளவு அழுத பிறகு திரும்பவும் ஆசைப்பட்டுவிட்டோம் என்கிறது பாட்டு. பள்ளிச் சுற்றுலா போகும் பிள்ளை எந்த இறுதிப் போட்டியில் தோற்றது?

நான்காம்வேற்றுமை:
சண்டை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் ஒரே குழிக்குள் நின்றுகொண்டு போடுகிறீர்கள். ஆங்கிலம் பெயரடை போட்டால் ஸ்பானிஷிலும் பெயரடைதான் தேட வேண்டுமா? தமிழில் நாம் "எனக்கு ஆசையா இருக்கு", "எனக்குப் பிடிக்கும்" என்கிறோம். உணர்வு எழுவாய், நாம் நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். ஸ்பானிஷ்காரனும் "மே குஸ்தா", "மே ஆதே இலுசியோன்" என்று அதே இடத்தில்தான் நிற்கிறான்; "மே" என்றால் "எனக்கு". நம் காதுக்கு இது இயல்பாக வரவேண்டியது. ஆங்கிலம் வழியாகப் படித்ததால் "எஸ்தோய்" (இருக்கிறேன்) போட்டு அதன்பின் ஒரு பெயரடையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

என் யோசனை "கே கானாஸ்!" எவ்வளவு ஆசை என்கிற மாதிரி. அவ்வளவுதான். ஆங்கில வசனம் இடைவெளி, குறிகள் உட்பட 15 எழுத்து. இது, முன்னால் வரும் தலைகீழ் ஆச்சரியக்குறியையும் சேர்த்து 11.

இலக்கணப்புலி:
"கானாஸ்" என்றால் விருப்பம். அதில் பரபரப்பு எங்கே?

நான்காம்வேற்றுமை:
"கே"யில் இருக்கிறது. மீதி அந்த நடிகையின் முகத்தில் இருக்கிறது. சப்டைட்டிலில் நீங்கள் ஒருவரே நடிக்கத் தேவையில்லை.

மெக்சிகோ மருமகள்:
இதுவும் ஸ்பெயின் வாடைதான், ஆனாலும் வழி சரி. எங்கள் வீட்டில் என்றால் "யா கியெரோ கே சேயா மன்யானா!" எப்போதடா விடியும் என்கிற மாதிரி. 26 எழுத்து, சப்டைட்டிலின் 42 எழுத்து வரியில் தாராளமாக உட்காரும்.

மத்ரித்தில் ஒருவன்:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்ப்பவர் காதில் "எக்ஸைட்டட்" விழுகிறது, கண்ணில் "நாளை" என்று வருகிறது. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்கூட, மொழிபெயர்ப்பாளர் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார் என்பார். டப்பிங் என்றால் மூலக்குரல் கேட்காது, அங்கே இந்தச் சுதந்திரம் சரி. சப்டைட்டிலில் கையைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும்.

மெக்சிகோ மருமகள்:
பெட்டி மூடியாச்சு, விடிந்தால் பஸ். "நாளை" காட்சியிலேயே இருக்கிறது அண்ணா, நான் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை.

வசனத்துண்டு:
வேலை லத்தீன் அமெரிக்கத் தடத்துக்கு, அதாவது அந்த நாடுகளுக்கான ஸ்பானிஷ் பதிப்புக்கு. முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி சண்டை மிச்சமாகியிருக்கும், ஆனால் அந்த அர்ஜென்டினா பாட்டு வந்திருக்காது. "யா கியெரோ கே சேயா மன்யானா" போட்டு, காரணத்தையும் எழுதி அனுப்புகிறேன். இன்னொன்று: இரண்டாம் எபிசோடில் அப்பா நிறுவனக் கூட்டத்தில் "வீ ஆர் எக்ஸைட்டட் டு அனவுன்ஸ்" என்று ஆரம்பிக்கிறார்.

நான்காம்வேற்றுமை:
முகத்தில் ஏதாவது தெரிகிறதா?

வசனத்துண்டு:
ஒன்றுமில்லை. தாளைப் பார்த்து வாசிக்கிறார்.

மெக்சிகோ மருமகள்:
அப்போ "நோஸ் கொம்ப்ளாசே அனுன்சியார்". மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம், முடிந்தது. "எஸ்தாமோஸ் எமோசியோனாதோஸ்" என்று மட்டும் போடாதீர்கள். இப்போது வரும் விளம்பர மெயில் எல்லாவற்றிலும் அதுதான், படித்தாலே ஆங்கிலம் பல்லிளிக்கிறது.

மத்ரித்தில் ஒருவன்:
இதில் உங்கள் பக்கம்தான் நான். சுற்றுலா வசனத்தில் இல்லை. ஸ்பெயின் தடம் யாருக்காவது வந்தால் சொல்லுங்கள், அங்கே இலுசியோன்தான்.