பழைய லாரிக்கு ஏ.சி.: இன்ஜின் பெல்ட்டா, தனி பேட்டரியா?

நாமக்கல் வண்டிக்காரர்: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகைச் (மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட) சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி, ஏற்கெனவே ஓடும் என் பத்துச் சக்கர வண்டியைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ஓட்டுநர் கேட்பது நியாயம் என்பதால் பொருத்தப் போகிறேன். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசரே போதும். கூரையில் வைத்து பேட்டரியில் ஓட்டும் 24 வோல்ட் ஏ.சி. வீண்செலவு என்பது என் கருத்து.

மின்பட்டறை: வண்டி ஓடும்போது பெல்ட் கம்ப்ரசர் நல்லதுதான். ஆனால் ஓட்டுநர் தூங்குவது வண்டி நிற்கும்போது அல்லவா? சரக்கு இறக்கக் காத்திருக்கும் பகல் முழுவதும் ஏ.சி.க்காகவே இன்ஜினை ஓடவிட்டால் டீசல் வீணாவதோடு, சைலன்சர் இணைப்பில் கசிவிருந்தால் கார்பன் மோனாக்சைடு மூடிய கேபினுக்குள் புகுந்துவிடும்.

நாமக்கல் வண்டிக்காரர்: கணக்குப் போடுங்கள். வண்டியிலுள்ள இரண்டு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகளும் சேர்ந்து 3,600 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஈய பேட்டரியின் ஆயுள் குறையும். 800 வாட் இழுக்கும் ஏ.சி. இரண்டே கால் மணி நேரத்தில் அந்தப் பாதியைத் தீர்த்துவிடும். பிறகு செல்ஃப் எடுக்காவிட்டால் யார் வந்து தள்ளுவது?

மின்பட்டறை: அதனால்தான் ஸ்டார்ட் பேட்டரியைத் தொடவே கூடாது என்கிறேன். 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைத் தனியாக வைத்தால், எண்பது விழுக்காடு எடுத்தாலும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடும். ஆனால் அதை நேராக டைனமோவில் இணைத்தால், காலியான லித்தியம் கிடைக்கும் மின்னோட்டத்தையெல்லாம் இழுத்து டைனமோ காயிலைக் கருக்கிவிடும் என்பதால், 30 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தும் டி.சி. சார்ஜர் இடையில் இருக்க வேண்டும். பேட்டரி முனையருகே ஃபியூஸும் வேண்டும். பொருத்துபவர்கள் பலர் மிச்சம் பிடிப்பது இதில்தான்!

ஓட்டுநர்: நீங்கள் இருவரும் கேபினை மறந்துவிட்டீர்கள். பட்டறையில் கட்டிய கேபினில் ஒற்றைத் தகட்டுக் கூரை. உள்ளேயே இன்ஜின் பானட். கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்து, அதன் வழியே அனல் காலில் அடிக்கிறது. கிளட்ச் பெடல் துவாரத்தில் சாலையே தெரிகிறது. இவற்றை அடைத்து, கூரைக்கும் பானட்டுக்கும் வெப்பத்தடுப்பு ஒட்டாமல் எந்த ஏ.சி. வைத்தாலும் குளிர் நிற்காது.

நாமக்கல் வண்டிக்காரர்: அதை முதலில் செய்துவிடுகிறேன். ஆனால் என் வண்டி ஓடுவது பெரும்பாலும் இரவில். 60 ஆம்பியர் டைனமோ முகப்பு விளக்குக்கும் தந்து, சார்ஜருக்கு 30 ஆம்பியரும் தருமா?

மின்பட்டறை: புது டைனமோ நெடுஞ்சாலை வேகத்தில் தரும்; நெரிசலில் ஊர்ந்தால் தராது. லித்தியம் வாங்கும் முன், எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது, டைனமோ தரும் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.