டேப்லெட் திரையில் நோயாளி நிரப்பும் நோய் விவரப் படிவத்தில் எல்லாம் 'இல்லை' என்று வந்தால் நம்பலாமா? பல் கிளினிக் அனுபவங்கள்

குன்னூர் கிளினிக்:
கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்க வந்த பெரியவர். படிவத்தில் எல்லாமே 'இல்லை'. மரப்பு ஊசி தயார். கண்ணாடியை உள்ளே வைக்கப் பையைத் திறக்கிறார், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அசிட்ரோம் மாத்திரை அட்டை தெரிகிறது. இதய வால்வு மாற்றியவர்! "ஆபரேஷன் பண்ணிச் சரியாப் போச்சே" என்றுதான் இதய நோய்க்கு 'இல்லை' தட்டியிருக்கிறார். ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்க்காமல் அவருக்குப் பல்லைத் தொடக்கூடாது. பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் இதய வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க அமாக்சிசிலின் 2 கிராமும் உள்ளே போயிருக்க வேண்டும். இப்போது படிவத்தின் முதல் கேள்வியே 'என்னென்ன மாத்திரை, ஊசி போடுகிறீர்கள்?' நோய்ப்பெயர் எல்லாம் அப்புறம்தான்.

கோத்தகிரி ரிசப்ஷன்:
இங்கே ஆளே மாறிப்போகுது. பாட்டி பெயர்தான் பேத்திக்கும், இருவருக்கும் வீட்டில் ஒரே போன் நம்பர். திரையில் 32 பல்லும் இருக்கு, நாற்காலியில் இருக்கிற பாட்டி வாயில் 11. பென்சிலின் அலர்ஜி பாட்டிக்கு. திறந்திருந்தது பேத்தி பக்கம். இனி பிறந்த வருஷம், ஹட்டி (படுகர் ஊர்) பெயர், போட்டோ மூணும் ஒத்துப்போனால்தான் பக்கம் திறக்கும்.

கூடலூர் டாக்டர்:
குன்னூர்க்காரர் சொல்வதை ஏற்க முடியவில்லை. கேள்வியை மாற்றி என்ன பயன், 'இல்லை' முன்கூட்டியே டிக் ஆகி வந்தால்? கட்டம் காலியாக வர வேண்டும். 'உண்டு, இல்லை, தெரியாது' மூன்றும் வேண்டும். 'போன முறை போலவே' பட்டனை எடுத்துவிடுங்கள். இங்கே ஒரு அம்மாவுக்கு அதைத் தட்டியே மூன்று விசிட் ஓடிவிட்டது. நடுவில் எலும்புத் தேய்மானத்துக்கு வருஷம் ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த ஊசியால் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தது. மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அன்றைய தேதியில் இணையுங்கள். பழைய பதிவை அழிக்காதீர்கள், கீழே புதிதாகச் சேருங்கள், கேட்டவர் பெயரோடு. பணியர், குறும்பர், இருளர் மக்கள் வரும் கிளினிக் என்றால் சிக்கில் செல் என்ற பரம்பரை இரத்த நோய்க்குத் தனிக் கேள்வி வையுங்கள். ரெடிமேட் சாஃப்ட்வேரில் பெரும்பாலும் இருக்காது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தால் கரண்டோடு நெட்டும் போகும். அன்றன்றைய நோயாளிகளின் அலர்ஜி, மருந்துப் பட்டியலைக் காலையிலேயே பாஸ்வேர்டு போட்ட லேப்டாப்பில் இறக்கிவிடுங்கள்.

குன்னூர் கிளினிக்:
'தெரியாது' வைத்தால் எல்லோரும் அதையேதான் தட்டுகிறார்கள் டாக்டர்.

கூடலூர் டாக்டர்:
தட்டட்டும். நாற்காலியில் உட்கார வைத்து டாக்டரே கேட்டுப் பதியும்வரை சிகிச்சைப் பக்கம் திறக்காதபடி பூட்டு போடச் சொல்லுங்கள்.