எப்பவும் ஜூலை 25-லயே ஏன் குடியரசுத் தலைவர் பதவியேற்பு?

பாளையங்கோட்டைக்காரி:
எம் மவன் எட்டாப்பு படிக்கான். குடியரசுத் தலைவர் பதவியேற்பைப் பத்தி பள்ளிக்கூடத்துல பேசணுமாம். முர்மு 2022 ஜூலை 25, கோவிந்த் 2017 ஜூலை 25, கலாம் 2002 ஜூலை 25. "தேதி சட்டத்துலயே இருக்காம்மா?"ன்னு கேக்கான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டவுன் டீக்கடை அண்ணாச்சி:
சட்டத்துல தேதி கிடையாதும்மா. அஞ்சு வருசம்னுதான் இருக்கு. 1977 பிப்ரவரியில பக்ருதீன் அலி அகமது பதவியில இருக்கும்போதே இறந்துட்டாரு. ஆறு மாசத்துக்குள்ள வேற ஆளைத் தேர்ந்தெடுத்தாகணும். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியே இல்லாம வந்தாரு, பதவியேத்தது ஜூலை 25. பொறவு வந்தவங்க எல்லாரும் அஞ்சு வருசத்தை முழுசா முடிச்சிட்டாவ. அதான் தேதி அங்கனயே நிக்கி.

கலாம் பதவியேத்த அன்னைக்கு எங் கடையில பெஞ்சு கொள்ளல. ராமேஸ்வரத்துக்காரர்லா! 21 குண்டு முழங்கும்னு ஒவ்வொண்ணா எண்ணிட்டு இருந்தோம். பதினாலுல ஒருத்தன் "அண்ணாச்சி, பால் பொங்குது"ன்னான். எண்ணிக்கையும் போச்சு, பாலும் போச்சு.

சிகாகோ மேலப்பாளையத்தான்:
இங்க அமெரிக்காவுல அதிபர் பதவியேற்புத் தேதி அரசியல் சட்டத்துலயே இருக்கு அக்கா. முன்னால மார்ச் 4. 1933-ல வந்த 20-வது திருத்தம் அதை ஜனவரி 20 நண்பகலுக்கு மாத்திச்சு. நம்மூர்ல அப்போ ராத்திரி பத்தரை. 2009-ல ஒபாமா உறுதிமொழியில வார்த்தை இடம் மாறிப்போச்சுன்னு மறுநாள் திரும்பச் சொல்ல வச்சாங்க.

தம்பிகிட்ட இதையும் சொல்லுங்க: 1841-ல ஹாரிசன்னு ஒரு அதிபர் பதவியேற்புல, குளிர்ல கோட்டுகூட இல்லாம ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கமா பேசினாரு. ஒரே மாசத்துல ஆளு போய்ட்டாரு. பேச்சுதான் காரணம்னு சொல்லல, ஆனா சுருக்கிக்கிடச் சொல்லுங்க.

டவுன் டீக்கடை அண்ணாச்சி:
ஒண்ணு விட்டுப்போச்சு. நாடாளுமன்ற மைய மண்டபத்துல தலைமை நீதிபதி முன்னால உறுதிமொழி எடுத்ததும், பழையவரும் புதியவரும் நாற்காலி மாறி உக்காருவாவ. பொறவுதான் புதியவரு பேச்சு. முர்மு, சுதந்திர இந்தியாவுல பொறந்த முதல் குடியரசுத் தலைவர் நாந்தான்னு அந்தப் பேச்சுல சொன்னாவ. ஆனா எனக்கு மனசுல நிக்கது அந்த நாற்காலி மாத்துததுதான். நம்மூர்ல பஞ்சாயத்து நாற்காலியில இருந்து ஒருத்தரை எழுப்ப என்ன பாடு படணும், சொல்லுங்க.

பாளையங்கோட்டைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி தம்பி. பேச நாலு நிமிசந்தான். நாற்காலியில இருந்தே ஆரம்பிக்கேன்கான். குண்டுச் சத்தத்துக்கு மேசையில 21 தட்டு தட்டட்டான்னு கேட்டான். வேண்டாம்னுட்டேன்.