மூன்று வீட்டுக் குழு: பெரியம்மாவுக்கு ஒரு சிடி

கவிதா: எல்லோருக்கும் ஒரு வேலை. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மா போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அந்தப் பழைய சிடி பிளேயர் மட்டும்தான். அப்பா தினமும் காலையில் இந்தக் குழுவில் பேசி அனுப்புவாரே, அதையெல்லாம் ஒரு சிடியில் போட்டுத் தர முடியுமா? அம்மா கேட்கிறார்.

பானு அத்தை: ஐயோ, அண்ணி 😢

உஷா சித்தி: கட்டாயம் செய்யலாம் கவிதா

விக்னேஷ்: ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவிடலாமே அக்கா

கவிதா: கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே அம்மாவுக்கு அமுக்கத் தெரிந்த பட்டன் அந்தப் பிளேயரில்தான் இருக்கிறது.

விக்னேஷ்: ஓ. சரி

சேகர் சித்தப்பா: ரைட்டர் யாரிடம் இருக்கிறது? இப்போது வரும் லேப்டாப்களில் சிடி டிரைவே வைப்பதில்லை.

முரளி: எங்கள் மாடியில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி

பானு அத்தை: எது? மூன்று வீட்டுக்கும் பொதுவாகப் பெரியண்ணன் வாங்கிப் போட்டாரே, அதுவா?

முரளி: ஆமாம் அத்தை

பானு அத்தை: அது ரிப்பேராகித் தூக்கிப் போட்டாயிற்று என்று சொன்னீர்களே

பிரியா: 🙈

முரளி: ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்

முரளி: ஆன் ஆகிறது. ஆனால் கறுப்புத் திரையில் எஃப்1 அமுக்கச் சொல்கிறது. தேதி 2002 என்று காட்டுகிறது

சேகர் சித்தப்பா: பயப்பட ஒன்றுமில்லை. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு நேரமும் செட்டிங்ஸும் மறந்துபோகும். சிடி ரைட் பண்ண அது தடையில்லை. எஃப்1 அமுக்கி உள்ளே போ. பேட்டரியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு

முரளி: உள்ளே போய்விட்டேன்

முரளி: மை கம்ப்யூட்டரில் சிடி டிரைவே இல்லை சித்தப்பா

சேகர் சித்தப்பா: தட்டு வெளியே வருகிறதா?

முரளி: வருகிறது

சேகர் சித்தப்பா: அப்படியென்றால் டிரைவுக்குக் கரண்ட் வருகிறது. இனி பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் புரோகிராம், அந்த டிரைவின் பெயரைக் காட்டுகிறதா. காட்டவில்லை என்றால் கேபிள் அல்லது ஜம்பர், டிரைவுக்குப் பின்னால் செருகியிருக்கும் குட்டி இணைப்பு. அந்தக் காலத்து டிரைவுக்குப் பின்னால் பட்டையாக ஒரு ஐடிஇ கேபிள் போகும். ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் இருந்தால் ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். இரண்டையும் மாஸ்டராக வைத்தால் ஒன்று காணாமல் போகலாம், சில நேரம் இரண்டுமே.

சேகர் சித்தப்பா: பயாஸ் காட்டுகிறது, விண்டோஸ் மட்டும் காட்டவில்லை என்றால் கதை வேறு. டிவைஸ் மேனேஜரைத் திற. டிரைவ் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 31 அல்லது 39 என்று இருக்கிறதா பார். ரைட்டிங் சாஃப்ட்வேரைப் போட்டு எடுக்கும்போது, விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இரண்டு வரி மிச்சமாகி டிரைவை மறைத்துவிடும். சிடி டிரைவுக்கான பகுதியில் மட்டும் அந்த இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வந்துவிடும். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் பேக்கப் எடுக்காமல் ஒன்றும் செய்யாதே. அப்புறம் சில ரைட்டிங் சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டி வரும், ஏனென்றால்

முரளி: கேபிள் கழன்றிருந்தது. அமுக்கினேன். வந்துவிட்டது

உஷா சித்தி: 😂

சேகர் சித்தப்பா: அதைத்தான் முதலில் சொன்னேன்.

முரளி: [படம்]
ப்ளாங்க் சிடி இது போதுமா?

விக்னேஷ்: அண்ணா அது டிவிடி-ஆர்

முரளி: பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது

விக்னேஷ்: டிரைவ் முகப்பில் என்ன போட்டிருக்கிறது?

முரளி: சிடி-ஆர்டபிள்யூ 52

விக்னேஷ்: அது டிவிடியைப் படிக்கவே படிக்காது. எழுதுவது எங்கே

சேகர் சித்தப்பா: விக்னேஷ் சொல்வது சரி. சிடி-ஆர் என்று போட்டது வேண்டும். சிடி-ஆர்டபிள்யூ இருந்தால் அதையும் போடாதே. அது அழித்து எழுதுவது, லேசர் ஒளியை ரொம்பக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் பல அதைச் சிடி என்றே எடுத்துக்கொள்ளாது. அண்ணி வைத்திருப்பது அந்த வகைதான்.

பிரியா: எங்கள் கல்யாண சிடி கூட அந்த மாடியில்தானே இருந்தது?

பானு அத்தை: அது உஷா வீட்டில்

உஷா சித்தி: எங்கள் வீட்டில் இல்லை அக்கா. நீங்கள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனீர்கள்

பானு அத்தை: நானா?

பிரியா: யாரிடம் இருந்தாலும் வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். நிறப்பூச்சு வெளுத்துப்போகுமாம்

பானு அத்தை: என்னிடம் இருந்தால்தானே வெயிலும் நிழலும்

கவிதா: சிடி விஷயத்துக்கு வரலாமா 🙏

கவிதா: அப்பா அனுப்பிய எல்லாவற்றையும் எடுத்து முரளியின் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முரளி: சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை அக்கா. எல்லாம் ஓபஸ் என்று முடிகிறது

விக்னேஷ்: வாட்ஸ்அப் குரல் பதிவு அப்படித்தான் இருக்கும். அந்த சாஃப்ட்வேர் வந்த காலத்தில் ஓபஸ் கிடையாது. எனக்கு அனுப்புங்கள், ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேரில் வேவ் ஃபைலாக ஆக்கித் தருகிறேன்

சேகர் சித்தப்பா: 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. ஆடியோ சிடிக்கு அதுதான் அளவு, மறக்காதே.

விக்னேஷ்: தெரியும்ப்பா

விக்னேஷ்: பதிவு சிலது மெதுவாக இருக்கிறது, சிலது கத்துகிற மாதிரி. சத்தத்தை ஒரே அளவாக்கிவிட்டேன். மொத்தம் 78 நிமிடம்

முரளி: சித்தப்பா, பென்டிரைவில் 780 எம்பிக்கு மேல் காட்டுகிறது. சிடி 700 எம்பிதானே? பாதியை எடுத்துவிடவா?

கவிதா: எதையும் எடுக்காதே!!

சேகர் சித்தப்பா: எடுக்க வேண்டாம். உறையில் 700 எம்பி, 80 நிமிடம் என்று இரண்டும் போட்டிருக்கும். ஆடியோவுக்கு நிமிடத்தை மட்டும் பார். சிடியில் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் 2352 பைட் இடம் உண்டு. ஃபைலாகப் போட்டால் அதில் 2048 மட்டும் நம்முடையது, மீதியில் பெரும்பங்கு பிழை திருத்தத்துக்குப் போகும். ஆடியோவுக்கு முழுக் கட்டமும் கிடைக்கும். அதனால்தான் 780-ஐத் தாண்டிய வேவ் 700 எம்பி சிடியில் உட்காருகிறது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு 2 விநாடி இடைவெளி சேரும். பதிவுகள் நிறைய என்றால் அதுவும் கூடிக்கொண்டே போகும்.

உஷா சித்தி: எத்தனை பதிவு விக்னேஷ்?

விக்னேஷ்: 90. இடைவெளியே 3 நிமிடம் போய்விடும். 80-ஐத் தாண்டும்

சேகர் சித்தப்பா: ஒரு சிடியில் 99 டிராக்தான் அதிகபட்சம், அது பரவாயில்லை. நீளத்துக்கு ஒன்று செய்யலாம். முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்று வைத்தால் இடைவெளியை 0 ஆக்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு பதிவைக் குறைக்கலாம். பெரிதாக ஒன்றுமில்லாதவை சில இருக்கும். உதாரணத்துக்கு எனக்கு அனுப்பிய அந்த ஒன்று.

பானு அத்தை: எந்த ஒன்று 😄

உஷா சித்தி: “சேகரா, நான் கேட்டது ஒரு வரி, நீ எழுதியிருப்பது ஒரு பக்கம்”

பிரியா: 😂😂

முரளி: 😂

சேகர் சித்தப்பா: அதை விட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறேன். அண்ணிக்கு அதில் என்ன இருக்கிறது.

கவிதா: சித்தப்பா, அம்மா முதலில் கேட்டதே அதைத்தான்.

சேகர் சித்தப்பா: சரி. இருக்கட்டும்.

பானு அத்தை: மாடிக் கணக்கு பற்றிப் பேசியதையும் போடுங்கள். எல்லோரும் ஒருமுறை கேட்க வேண்டியதுதான்

பிரியா: அத்தை...

முரளி: இடைவெளியை 0 ஆக்கி ரைட் கொடுத்துவிட்டேன்

முரளி: பாதியில் நின்றுவிட்டது. பஃபர் அண்டர்ரன் என்று வருகிறது

சேகர் சித்தப்பா: பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டினாயா?

முரளி: ஆமாம்

சேகர் சித்தப்பா: அந்தக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி பழைய 1.1 வகையாக இருக்கும், விநாடிக்கு 1 எம்பி வந்தாலே பெரிது. லேசர் எழுத ஆரம்பித்துவிட்டால் டேட்டா இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் சின்ன நினைவகம் காலியானால் எழுத ஒன்றும் இருக்காது, சிடி வீண். 2000-ல் சான்யோ பர்ன்-ப்ரூஃப் கொண்டுவந்த பிறகுதான் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வழி வந்தது. சாஃப்ட்வேரில் அப்படி ஒரு டிக் இருந்தால் போட்டுவிடு. அதைவிட முக்கியம், எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துவிட்டு அங்கிருந்து ரைட் பண்ணு. சி டிரைவில் 1 ஜிபியாவது காலியிடம் இருக்கட்டும். ஆன்டிவைரஸை நிறுத்து. ஸ்க்ரீன்சேவரை நிறுத்து.

முரளி: சாலிடேர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது

உஷா சித்தி: அதையும் நிறுத்து முரளி

விக்னேஷ்: அண்ணா, ரைட் ஆகும்போது மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்ததா?

முரளி: ஆமாம், ரொம்ப

விக்னேஷ்: டிரைவ் பியோ என்ற மெதுவான மோடில் விழுந்திருக்கும். டிவைஸ் மேனேஜர் > ஐடிஇ > செகண்டரி சேனல். டிரான்ஸ்ஃபர் மோடில் டிஎம்ஏ, அதாவது வேகமான மோடு இருக்க வேண்டும். படிக்கும்போது பிழை மேல் பிழை வந்தால் எக்ஸ்பி தானாகவே பியோவுக்கு இறக்கிவிடும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் டிஎம்ஏ திரும்பிவிடும்

சேகர் சித்தப்பா: நான் அதைச் சொல்ல வந்தேன்.

பானு அத்தை: ஒரு வரியில் சொல்லிவிட்டான் உன் பிள்ளை

முரளி: பியோதான் காட்டியது. அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது மவுஸ் பறக்கிறது

முரளி: எந்த ஸ்பீடு?

சேகர் சித்தப்பா: 52 வேண்டாம். 8 அல்லது 16. 1 என்றால் கேட்கிற வேகம், அதாவது 80 நிமிட சிடிக்கு 80 நிமிடம். 8-ல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். ரொம்பக் குறைத்து 1, 2 என்றும் போகாதே. பின்னாளில் வந்த சிடிகளின் பூச்சு வேகமாக எழுதுவதற்கென்றே செய்தது.

முரளி: பவர் கேலிபரேஷன் எரர்

முரளி: ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது

பிரியா: அந்தக் கம்ப்யூட்டருக்கே விருப்பமில்லை போல

சேகர் சித்தப்பா: எழுதும் முன் லேசர் எவ்வளவு பவர் வேண்டும் என்று சிடியின் உட்பக்க ஓரத்தில் கொஞ்சம் எழுதிப் பார்க்கும். அது சரிப்படவில்லை. லென்ஸில் தூசி, இல்லையென்றால் இந்த சிடி டிரைவுக்கு ஒத்துவரவில்லை, இல்லையென்றால் லேசருக்கே வயதாகிவிட்டது. இதே வரிசையில் பார். லென்ஸ் கிளீனர் சிடி இருந்தால் ஓட்டு. வேறு கம்பெனி சிடி-ஆர் போடு.

முரளி: வேறு சிடி போட்டேன். ஓடுகிறது

முரளி: முடிந்தது! கம்ப்யூட்டரில் பெரியப்பா பேசுகிறார்

கவிதா: ❤️❤️

பானு அத்தை: அண்ணா...

முரளி: பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று

கவிதா: அம்மா பிளேயரில் போட்டால் “நோ டிஸ்க்” என்று காட்டுகிறதாம் 😞

சேகர் சித்தப்பா: முரளி, அந்த சிடியை மறுபடி கம்ப்யூட்டரில் போட்டுத் திற. உள்ளே ட்ராக்01 என்று சிடிஏ ஃபைல்கள் தெரிகிறதா, வேவ் ஃபைல்கள் அப்படியே தெரிகிறதா? சிடிஏ என்றால் ஆடியோ சிடி. வேவ் தெரிந்தால் டேட்டா சிடி. அதைக் கம்ப்யூட்டர் பாடும், பிளேயர் பாடாது.

விக்னேஷ்: டேட்டா சிடியில் 78 நிமிட வேவ் நுழையாதே?

முரளி: கடைசிப் பதிவுகளை ஏற்ற மாட்டேன் என்றது. அதை விட்டுவிட்டு ரைட் கொடுத்தேன்

கவிதா: எதை விட்டாய்???

முரளி: பார்த்துச் சொல்கிறேன் அக்கா

சேகர் சித்தப்பா: பவர் எரருக்குப் பிறகு சாஃப்ட்வேரைப் புதிதாகத் திறந்திருப்பாய், அது டேட்டா என்றே ஆரம்பித்திருக்கும். இந்த முறை முதல் கேள்வியிலேயே ஆடியோ சிடி. டிஸ்க்-அட்-ஒன்ஸ். கடைசியில் ஃபைனலைஸ், அதாவது சிடியை மூடுவது. மூடாத சிடியைக் கம்ப்யூட்டர் படிக்கும், வீட்டு பிளேயர் பெரும்பாலும் படிக்காது. முடிந்ததும் மேல்பக்கம் பால்பென்னால் எழுதாதே. டேட்டா இருப்பது அந்த மேல்பக்கப் பூச்சுக்குச் சற்றுக் கீழேதான். மார்க்கர் போதும். பேப்பர் லேபிளும் ஒட்டாதே, சுற்றும்போது ஆடும்.

முரளி: வேவ்தான் தெரிகிறது

முரளி: நல்ல சிடி ஒன்றுதான் மிச்சம். நாளை பண்ணட்டுமா, இப்போதே வா?

உஷா சித்தி: நாளை

பானு அத்தை: இப்போதே பண்ணு. அண்ணி காத்துக்கொண்டிருப்பார்

விக்னேஷ்: இரண்டு காப்பி எடுங்கள் அண்ணா. ஒன்று கீறினாலும் இன்னொன்று இருக்கும்

முரளி: ஒன்றுதான் இருக்கிறது என்கிறேன்

பிரியா: எனக்கும் ஒரு காப்பி

பானு அத்தை: எனக்கும்

சேகர் சித்தப்பா: எத்தனை காப்பி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ப சிடி வாங்க வேண்டும். ஒரே கம்பெனியில் மொத்தமாக வாங்குவதா, முதலில் ஒன்றிரண்டு மட்டும் வாங்கி டிரைவ் ஏற்கிறதா என்று பார்ப்பதா என்றால், என் அபிப்பிராயத்தில்

கவிதா: முரளி, விட்டுப்போனது எது என்று பார்த்தாயா?

முரளி: பார்த்தேன் அக்கா. மாடிக் கணக்கு

பானு அத்தை: நினைத்தேன்