மோச்சே பானையில் இருப்பவர் சுண்ணாம்பா எடுக்கிறார்?

கேட்டவர்: வட்டாக்காரியின் பேத்தி (களுவாஞ்சிகுடி)

பெருவின் தலைநகர் லீமாவில் லார்கோ என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நேற்று இரவு கரண்ட் இல்லாத நேரம், அங்குள்ள மட்பாண்டப் படங்களை ஃபோனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவின் வடகரையில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்கள் செய்தவை. பானை என்று சொல்லவே மனம் வராது, அப்படியே உயிருள்ள ஆட்கள்.

அதில் ஒருவர் சம்மணம் கட்டி இருக்கிறார். இடது கையில் சின்னச் சுரைக்குடுக்கை, வலது கையில் ஒரு குச்சி. ஒரு பக்கக் கன்னம் உப்பி இருக்கிறது. பல்வலியோ, பரியாரி மருந்து இடிக்கிறாரோ என்று யோசித்தேன். பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள, தெரியல்லையா? வெத்திலை போடுறான். குடுக்கைக்குள்ள சுண்ணாம்பு” என்றார். அம்மம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. வட்டாவும் (வெற்றிலைத் தட்டம்) பாக்குவெட்டியும் இல்லாமல் கலியாண வீட்டுக்கும் போகமாட்டார்.

பெருவில் ஏது வெற்றிலை? ஆனால் அவர் சொன்ன விதம் அவ்வளவு உறுதியாக இருந்தது. யாருக்காவது தெரியுமா?

பதில் 1: கல்லடிப் பாலம்

சிச்சா என்று சோளத்தில் செய்யும் ஒரு கள் அங்கே பிரபலம். குடுக்கையில் அதுதான் இருக்கும், குச்சி கலக்குவதற்கு. அம்மம்மாவுக்கு உலகமே வெற்றிலையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை 😀

பதில் 2: பழைய கெமிஸ்ட்ரி மாஸ்டர் (திருக்கோவில்)

தம்பி, சிரிக்க வேண்டாம். அம்மம்மா சொன்னதுதான் சரி. குடுக்கைக்குள் சுண்ணாம்பு. இலைதான் வேறு, அந்தப் பக்கத்து மக்கள் வாயில் அடக்கும் கொக்கா என்ற செடியின் இலை.

நான் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன், வெற்றிலையும் போட்டவன். அதனால் இரண்டு பக்கத்தாலும் சொல்லலாம். கொக்கா இலையில் ஒரு அல்கலொயிட் (உடம்பில் வேலை காட்டும் தாவரச் சத்து) உண்டு, எங்கள் பாக்கில் அரிகொலின் என்ற இன்னொன்று. தாவரத்துக்குள் இவை அமிலத்தோடு சேர்ந்து உப்பாக இருக்கும். வெறுமனே சப்பினால் கன்னத்தின் உள்தோலைக் கடந்து இரத்தத்தில் சேர்வது குறைவு. சுண்ணாம்பு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. அது பட்டவுடன் அல்கலொயிட் அமிலத்தை விட்டுப் பிரிந்து, தோலுக்குள் ஊறும் வடிவத்துக்கு வரும். எண்பத்திரண்டு வயதுக் கண் அந்தப் படத்தில் பிடித்தது இந்த வேலையைத்தான்.

வித்தியாசமும் உண்டு. எங்களுக்கு வெற்றிலை ஒரு சுருள், வீரியம் பாக்கில் இருக்கிறது. அங்கே இலையிலேயே வீரியம். அதை மென்று தீர்ப்பதில்லை, கன்னத்தில் அடக்கி வைத்துச் சாற்றை இறக்குவார்கள். அதுதான் உங்கள் ஆளின் உப்பிய கன்னம். வாயும் சிவக்காது. எங்கள் சிவப்பு, பாக்கின் துவர்ப்பு காரத்தில் நிறம் மாறுவதால் வருவது.

எவ்வளவு பழசு என்று கேட்டால் மோச்சே எல்லாம் நேற்றுப் பிள்ளைகள். வட பெருவின் நாஞ்சோக் பள்ளத்தாக்கில், டொம் டிலஹே என்ற தொல்லியலாளரின் குழு பழைய வீடுகளின் தரைக்குக் கீழே சப்பிய கொக்கா இலைத் துண்டுகளைக் கண்டெடுத்தது. கூடவே, சுண்ணாம்புக்காகச் சுட்ட கல்சைற்று என்ற சுண்ணக் கல். 2010இல் அறிக்கை வந்தது. வயது ஏறத்தாழ 8000 வருடம். பானை வனையத் தொடங்குவதற்கு முன்பே சுண்ணாம்பு சுடத் தெரிந்திருக்கிறது!

சுண்ணாம்புக்குக் கடலோரத்தில் சிப்பி சுட்டார்கள், எங்கள் ஆட்களைப் போல. மலைநாட்டில் சிப்பிக்கு எங்கே போவது? கீன்வா என்ற தானியச் செடியின் தண்டை எரித்துச் சாம்பலைக் கட்டியாகப் பிடித்துக் கொண்டார்கள். அதற்கு லிப்தா என்று பெயர்.

இன்னொன்று. ஆர்ஜென்ரீனாவின் யுயையாக்கோ எரிமலை உச்சியில், 6739 மீற்றர் உயரத்தில், இன்காக்கள் பலி கொடுத்த மூன்று பிள்ளைகளின் உடல்கள் 1999இல் கிடைத்தன. பனியில் கெடாமல், தூங்குவதுபோல் இருந்தன. மூத்தவள் பதின்மூன்று வயதளவு. அவளுடைய பற்களுக்கிடையில் கொக்கா இலை. தலைமுடியைப் பரிசோதித்தபோது, கடைசி ஒரு வருடத்தில் அவளுக்குக் கொக்காவும் சிச்சாவும் கூடுதலாகக் கொடுத்தது தெரியவந்தது. அதை வாசித்த அன்று நான் வெற்றிலைத் தட்டத்தைத் தொடவில்லை. (பிறகு டொக்டரும் சொல்லி இப்போது முழுதாக விட்டாயிற்று. பாக்கு வாய்ப் புற்றுநோய் தரும். அம்மம்மாவிடம் சொல்லுங்கள், கேட்கமாட்டார், என்றாலும் சொல்லுங்கள்.)

பதில் 3: சேனைக்காரன் (மகாஓயாப் பக்கம்)

சேர், இந்தக் கொக்காதானா சொக்லேட் செய்கிற கொக்கோ? மற்றது, மாயர்கள் சோளனையும் சுண்ணாம்பில் அவித்தார்கள் என்று எங்கேயோ வாசித்தேன். நாங்கள் மாரியில் மூன்று ஏக்கர் சோளன் போடுகிறோம், உப்புப் போட்டு அவித்து றோட்டில் விற்கிறோம். ஒருவரும் சுண்ணாம்பு கேட்டதில்லை.

பதில் 4: பழைய கெமிஸ்ட்ரி மாஸ்டர்

இல்லை, இரண்டும் வேறு வேறு மரம். பெயர்தான் மயக்கும்.

சோளன் விசயம் உண்மை. மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கத்தில் முற்றிய சோளனைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஒரு இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கிக் கழுவி, அம்மியில் அரைப்பார்கள். ரொட்டி தட்ட மா ஒட்டி வரும். சோளனில் உள்ள நயசின் என்ற விற்றமின் உடம்புக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும், சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடும். ஐரோப்பியர் சோளனைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். பிறகு சோளனையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெலக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்று கோல்ட்பேர்கர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் 1915இல் காட்டினார். அதற்குப் பிறகும் பல வருடம் நம்ப மறுத்தார்கள்.

உங்களுக்குப் பயம் வேண்டாம். சோறும் மீனும் பருப்பும் தின்கிற ஊரில் அவித்த சோளன் வெறும் தீனிதானே.

வட்டாக்காரியின் பேத்தி

மாஸ்டர், மிக்க நன்றி. எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 8000 வருடம் அவரை அசைக்கவில்லை. குச்சி எதற்கென்று நான் கேட்க, “விரலால எடுத்தா அளவு தெரியாது, வாய் வெந்துபோகும்” என்றார். கொலம்பியாவில் கோகி மக்கள் இன்றும் அப்படித்தான் குச்சியை எச்சிலில் நனைத்துக் குடுக்கைக்குள் விட்டு எடுக்கிறார்கள், வீடியோவில் பார்த்தேன். வாய்ப்புற்றுநோய்ப் பகுதி வந்ததும் அம்மம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

கல்லடித் தம்பிக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாஸ்டரிடம் மட்டும் ஒரு கேள்வி: “பாக்கு இல்லாம என்னத்துக்கு அந்த மனிசன் சுண்ணாம்பை வீணாக்கினான்?”