பொருள்: சேர்கூறு, பிரியாக்கூறு – கர்னல் பட்டியலின் யு.எஸ்.பி. பகுதிக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கர்னலுக்குரிய கையேட்டின் தமிழ் வரைவில் யு.எஸ்.பி. விசைப்பலகை, சுட்டி பற்றிய பகுதிக்குச் சென்ற வாரம் நான் அனுப்பிய சொற்களில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். 'உள்ளமைந்தது' வேண்டாம். அந்தச் சொல்லால் இங்கே யாங்கூனில் ஒரு கணினி கடவுச்சொல் கேட்டபடியே நின்றுபோனது. கர்னலோடு ஒன்றாகும் இயக்கிக்கு (சாதனத்தை இயக்கும் நிரலுக்கு) 'பிரியாக்கூறு', பிறகு வந்து சேரும் இயக்கிக்குச் 'சேர்கூறு' என்று இப்போது முன்வைக்கிறேன்.

கோடை விடுமுறையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்போடு கணினியும் சொல்லிக்கொடுக்கிறோம். பெரிய பிள்ளைகள் இருவர் என் வரைவைப் பார்த்து, பழைய மேசைக்கணினி ஒன்றுக்குத் தாங்களே கர்னல் தொகுத்தார்கள். கர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பெரும்பாலான இயக்கிகளுக்கு மூன்று வழி உண்டு. உடுக்குறி (*) போட்டால் இயக்கி கர்னலோடு ஒன்றாகிவிடும். எம் (M) போட்டால் தனிக் கோப்பாக வட்டில் கிடந்து, சாதனத்தைச் செருகும்போது வந்து சேரும். ஒன்றும் போடாவிட்டால் இல்லவே இல்லை. முதலாவதை 'உள்ளமைந்தது' என்றும் இரண்டாவதை வெறுமனே 'கூறு' என்றும் எழுதியிருந்தேன். அதற்கு மேலே, இப்படித் தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதற்கும் தலைப்பு 'உள்ளமைவு'. "உள்ளமைவில் சேர்த்ததெல்லாம் உள்ளமைந்ததுதானே அண்ணே?" என்று கேட்டார்கள் பிறகு. விசைப்பலகை, சுட்டி போன்ற மனித இடைமுகச் சாதனங்களைக் குறிப்பது எச்.ஐ.டி.; அதன் யு.எஸ்.பி. இயக்கிக்கு எம் போட்டிருந்தார்கள். அவர்கள் தமிழில் பிழையே இல்லை.

அந்தக் கணினியின் வட்டு மறையாக்கம் செய்தது. கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். பூட் மெனுவில் அம்புக்குறி விசைகள் ஒழுங்காக வேலை செய்தன, ஏனென்றால் அந்த இடத்தில் விசைப்பலகையைப் பார்த்துக்கொள்வது தாய்ப்பலகையிலேயே இருக்கும் நிரலான நிலைபொருள். கர்னல் பொறுப்பேற்றதும் விசைப்பலகை அடங்கிவிட்டது. அதற்குரிய இயக்கி பூட்டிய வட்டுக்குள்ளே இருக்கிறது, வட்டைத் திறக்க விசைப்பலகை வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. வட்டு திறக்கும் முன்பே நினைவகத்தில் ஏறும் தொடக்கப் படிமத்தில் அந்தக் கோப்பைச் சேர்த்திருந்தாலும் பிழைத்திருக்கும், அதுவும் சேர்க்கப்படவில்லை. மடிக்கணினியில் சோதித்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். பல மடிக்கணினிகளின் சொந்த விசைப்பலகை இன்னமும் யு.எஸ்.பி.க்கு முந்தைய பி.எஸ்.2 வழியில்தான் பேசுகிறது.

எச்.ஐ.டி. அடித்தளம், பொது எச்.ஐ.டி. இயக்கி, யு.எஸ்.பி. எச்.ஐ.டி., இவற்றோடு யு.எஸ்.பி. துளைகளை நடத்தும் கட்டுப்படுத்தியின் இயக்கியான எக்ஸ்.எச்.சி.ஐ., நான்குக்கும் உடுக்குறி போட்டுத் தொகுத்த பின் சரியானது. கடைசியைக் கையேட்டில் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுப்படுத்தியின் இயக்கி வட்டில் கிடந்தால் மற்ற மூன்றும் உள்ளே இருந்து பயனில்லை.

பர்மாவில் இருக்கும் நமக்கு இந்த மயக்கம் பழக்கமானது. 2019 அக்டோபர் 1-இல் நாடு யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு மாறும்வரை, ஒரே குறியெண் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் ஓர் எழுத்தையும் யூனிகோடு எழுத்துருவில் வேறொன்றையும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தொல்லையைத் தமிழ்க் கலைச்சொல்லில் நாமே உண்டாக்கக் கூடாது.

இனி, இந்த இரு வகைக்கும் சொல் பரிந்துரைத்து வந்த பதில்களுக்கு.

> பதித்தது, கோத்தது என்று சொல்லலாமே. மோதிரத்தில் பதித்த கல்லை எடுத்தால் மோதிரம் கெடும். கோத்த மணியைக் கழற்றலாம்.

கல் வியாபாரத்தில் இருக்கும் அண்ணன் எழுதியது. உவமை அழகானது, வகுப்பில் இதைச் சொல்லித்தான் விளக்கப் போகிறேன். ஆனால் கணினித் தமிழில் 'பதி'யின் மேல் ஏற்கெனவே சுமை அதிகம்: பதிவு, பதிவேற்றம், பதிவிறக்கம். இன்னொன்று வேண்டாம்.

> பகுபதம், பகாப்பதம் போல, பகாக்கூறு என்று வைக்கலாம்.

மௌல்மீன் ஐயாவுக்கு நன்றி. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பகா எண் போல என்று விளக்கலாம் என்றால், நம் பிள்ளைகள் கணக்கைப் பர்மிய மொழியில் படிக்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை, பகாக்கூறு என்றால் தனக்குள் பிளவுபடாத கூறு. நாம் சொல்ல வந்தது கர்னலை விட்டுப் பிரியாத கூறு. ஆகவே பிரியாக்கூறு. பிரியாவிடை தெரிந்த யாருக்கும் இது விளங்கும்.

மற்றதற்குச் சேர்கூறு. ஊறுகாய் போல வினைத்தொகை: சேர்ந்த கூறு, சேர்கின்ற கூறு, சேரும் கூறு, மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கின்றன. எம் போட்ட இயக்கியின் இயல்பும் அதுதான். எப்போது வந்து சேரும் என்பதைச் சொல் சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டிருந்தால் அன்று கணினி நின்றிருக்காது. பிரியாக்கூறோ செல்லாக்காசு போல எதிர்மறைப் பெயரெச்சம், எந்தக் காலத்திலும் பிரிவில்லை. தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: வினைத்தொகையில் ஒற்று மிகாது, 'சேர்க்கூறு' பிழை. பிரியாக்கூறில் மிகும்.

எச்.ஐ.டி.யை 'உள்ளீட்டுச் சாதனம்' ஆக்க வேண்டாம். மின்வெட்டுக்காக நாம் வாங்கி வைத்திருக்கும் யு.பி.எஸ். பெட்டிகளில் பல, மின்கலத்தின் நிலையைக் கணினிக்குச் சொல்வதும் எச்.ஐ.டி.யாகத்தான். அவற்றில் யாரும் எதையும் உள்ளிடுவதில்லை. எச்.ஐ.டி. என்றே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் எனக்குத் தீரவில்லை. வேற்றுமை உருபு ஏறினால் சேர்கூற்றை, சேர்கூற்றில் என்றாகி, பேச்சைக் குறிக்கும் 'கூற்று' நுழைந்துவிடுகிறது. 'சேர்கூறை' என்றால் கல்யாணப் புடவை நினைவுக்கு வருகிறது. இப்போதைக்குப் பட்டியலில் 'சேர்கூறாக', 'பிரியாக்கூறாக' என்றும், உருபு வேண்டிய இடங்களில் 'சேர்கூறுகளை ஏற்று', 'சேர்கூறுகளை இறக்கு' என்று பன்மையிலும் எழுதியிருக்கிறேன். கூறுக்குப் பதில் நிரல் என்று வைத்து, சேர்நிரல், பிரியாநிரல் என்றால் இது தீருமா? ஐயாவும் மற்றவர்களும் ஞாயிறு வகுப்புக்கு முன் எழுதினால், திருத்திய தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
யாங்கூனிலிருந்து